ஆரோட சாப்பிட்டாய்?

லாச்சப்பல் மெத்ரோவில் இறங்கி ஃபோபூர் சென் தெனியில் கீழ்நோக்கி நடந்தால், இடப்பக்கம் பிரியும் சின்னத் தெருக்களில் ஒன்று ரூ பெர்தொனே. அங்கே நாலாம் மாடியில் இருக்கிறேன். தனியத்தான். வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் "எங்கே வசிக்கிறீர்?" என்று கேட்டார்கள். "பெர்தொனே" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்தபடி, "பரவாயில்லை, ஆறுதலாகச் சொல்லும்" என்றார். என் வாயில் அது பிரெஞ்சுக்காரரின் 'மன்னியுங்கள்' ஆகிவிட்டிருந்தது. அதன்பிறகு பல வருடங்கள் மன்னிப்புத் தெருவில் குடியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அகதிக்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் கிடைக்குமா என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. பிறகொருநாள் நூலகத்தில் எதையோ புரட்டியபோதுதான் தெரிந்தது: ஒகுஸ்த் பெர்தொனே (1801–1867) ஒரு ரயில்பாதைப் பொறியியலாளர். பக்கத்து ரூ கைல், ரயில் இயந்திரங்கள் செய்த ஒரு தொழிலதிபரின் பெயர். கார் து நோர் நிலையத்தின் அருகில் வேறு யாருடைய பெயரை வைப்பார்கள்? மன்னிப்புப் போனதில் சிறிது மனவருத்தம். ஆனாலும் அன்றைய நாள் முழுக்க எனக்கு நல்ல உற்சாகம்.

இப்படிச் சில்லறை ஆச்சரியங்களில்தான் என் நாட்கள் ஓடுகின்றன. மெத்ரோ வாசலுக்குப் பக்கத்தில், போஸ்டர் ஒட்டிய பழைய கட்டடம் என்று நான் நினைத்துக் கடந்துபோன இடம் புஃப் து நோர் நாடக அரங்கு. 1985இல் பீற்றர் புறூக் தயாரித்த, ஒன்பது மணி நேரம் ஓடும் மகாபாரதம் அவிஞ்ஞோனில் தொடங்கி அங்கே வந்திருக்கிறது. திரௌபதியாக நடித்தவர் மல்லிகா சாராபாய். அடுத்த வருடம் நான் அதே மூலையில் குளிரில் நின்று, வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவருக்காகக் காத்திருந்தேன். அவர் இன்றுவரை வரவில்லை. இன்னொன்று: நாங்கள் ஊரில் சொன்ன 'குசினி' போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். பாரிஸ் உணவகமொன்றில் கோப்பை கழுவச் சேர்ந்த முதல்நாள், முதலாளி "குசின்" என்று கையைக் காட்டியபோது எனக்கு ஒரு சொல்லாவது விளங்கியது.

சிக்கல் என்னவென்றால், இவற்றை யாருக்குச் சொல்வது? ஊரில் ஒருவரையொருவர் கண்டால் "என்ன புதினம்?" என்றுதான் கேட்போம். புதிதாக ஒன்றை வைத்திருப்பவன் அதைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தனியாக இருப்பவனுக்குப் புதினம் வருவது குறைவதில்லை. கேட்கிற ஆள்தான் இல்லை. அப்படியானால் நான் புதினங்களையும் தனியவே தின்கிறேனா?

தனியே தின்பது எங்கள் மரபில் சின்னக் குற்றமல்ல. புறநானூற்றின் 182ஆம் பாட்டில், இந்த உலகம் ஏன் இன்னும் அழியாமல் இருக்கிறது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது, அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பது. பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. பெயரிலேயே கடலில் மாண்ட ஒருவர் உலகம் நிலைப்பதற்குக் காரணம் சொல்கிறார் என்பதை எங்களில் சிலரால் வேறுவிதமாகத்தான் வாசிக்க முடியும். வள்ளுவரோ இன்னும் கடுமை. ஈகை அதிகாரத்தில், தனியே உண்பதைப் பிச்சை எடுப்பதைவிடக் கீழே வைத்துவிடுகிறார்.

ஐரோப்பியரும் இதில் குறைந்தவர்கள் அல்ல. கலியாணம் செய்யாமலே வாழ்ந்து முடித்த இமானுவல் கான்ட், 1798இல் வெளியிட்ட மானிடவியல் நூலில், சிந்திக்கிறவன் தனியே சாப்பிடுவது உடம்புக்கே கேடு என்கிறார். அவன் தன் யோசனைகளையே மென்று தேய்ந்துபோகிறானாம். விருந்தினர் தொகைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்: அழகுத் தேவதைகள் மூவருக்குக் குறையக்கூடாது, கலைத் தேவதைகள் ஒன்பதுபேரைத் தாண்டக்கூடாது.

1986இல் இந்த வீட்டில் நாங்கள் எட்டுப்பேர் இருந்தோம். கான்ட்டின் கணக்குக்குள் சரியாக அடங்கினோம். அறை இரண்டு, மெத்தை நாலு. சமையல் முறைக்கு முறை. ஒருவருக்கு உப்பு அளவு தெரியாது, ஒருவருக்குப் பருப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரவு பன்னிரண்டு மணிக்கு வேலையால் வருகிறவனுக்கும் சட்டியில் பங்கு மூடிவைத்திருக்கும். பிறகு ஒவ்வொருவராகக் காட் கிடைத்து, கலியாணம் கட்டி, லா குர்நெவ் என்றும் பொபினி என்றும் போனார்கள். இரண்டுபேர் கனடா. நான் ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். பெண் பார்த்தார்கள், விசா வரவில்லை, பிறகு எனக்கு விருப்பம் வரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் எட்டுக் கோப்பைகளோடு நான் மட்டும் மிஞ்சினேன்.

அம்மாவுக்கு அதை எழுதவில்லை. கடிதங்களில் எல்லோரையும் வீட்டிலேயே வைத்திருந்தேன். 2002இல் சமாதானம் என்று வந்து தொலைபேசியில் கதைக்கக் கிடைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியோ?" இரண்டாவது, "ஆரோட சாப்பிட்டாய்?" வாய்க்கு வந்த இரண்டு பெயர்களைச் சொன்னேன். ஒருவர் அப்போது ரொறன்ரோவில் இரண்டாவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அடுத்தமுறை வேறு இரண்டு பெயர். யாரும் விட்டுப்போகாமல் முறைவைத்துச் சொன்னேன். பொய்யிலும் ஒரு பந்தி ஒழுங்கு.

2003 ஓகஸ்டில் ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் அம்மா ஒரு பொதி கொடுத்துவிட்டிருந்தார். பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, மிளகாய்த்தூள். எல்லாம் எட்டு எட்டாகப் பிரித்து, நூல் கட்டி.

அந்த ஓகஸ்ட் எப்படிப்பட்டதென்று பாரிஸில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வெக்கையில் பிரான்ஸ் முழுவதிலும் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். உரிமை கோர யாரும் வராத 57 உடல்களைச் செப்டம்பர் 3ஆம் திகதி தியே மயானத்தில் அடக்கம் செய்தபோது ஜனாதிபதி சிராக் போய் நின்றார். செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மூன்றாம் மாடிக் கிழவியைக் கண்டு பல நாளாகிவிட்டது என்று தட்டியது. சும்மா போய்க் கதவைத் தட்ட இந்த ஊரில் ஒரு நியாயம் வேண்டும். என்னிடம் எட்டுப் பொதி வடை இருந்தது.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. ஆள் உயிரோடு இருந்தார், என்னை ஏதோ விற்கவந்தவன் என்று நினைத்து நல்ல கோபத்தோடும் இருந்தார். "அம்மா அனுப்பியது" என்றேன். அறுபதைத் தாண்டிய எந்தப் பெண்ணிடமும் அந்த வசனம் வேலை செய்யும் என்று அன்று கண்டேன். மிளகாய்த்தூளை வாங்கவில்லை. வடையை வாங்கிக்கொண்டார். மிச்சத்தை ஐந்தாம் மாடி மாலி நாட்டுக்காரர், கீழே கடையில் மூட்டை இறக்கும் பொடியன் என்று பிரித்துக் கொடுத்தேன். நாலு நாளில் என் கோப்பை வீட்டுக்கு வந்தது, உள்ளே ஒரு போத்தல் அப்ரிக்கோ ஜாம். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது எங்கள் ஊரின் தனிச்சட்டம் என்று நினைத்திருந்தேன்.

தொல்காப்பியத்தின் செய்யுளியலில் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்றுதான் பொருள். புதிய முறையில் யாப்பதை அங்கே விருந்து என்கிறார்கள். பிறகே அந்தச் சொல் வீட்டுக்கு வந்த புது ஆளுக்கும், அவருக்குப் படைத்த சோற்றுக்கும் ஆனது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆள் வராத வீட்டுக்கும் விருந்து வரலாம் என்று வாதாடலாம் அல்லவா? ரயில் பொறியியலாளர் வந்தார், திரௌபதி வந்தாள், ஜாம் வந்தது. வள்ளுவரின் குற்றவாளியும் நானல்ல. அவர் கை நீட்டுவது, சேர்த்து நிரப்பி வைக்கிறதற்காகக் கொடாமல் உண்பவனை நோக்கி. பாரிஸில் ஏறக்குறைய பாதி வீடுகளில் ஒருவர்தான் வசிக்கிறார் என்கிறார்கள். இவ்வளவுபேரையும் ஒரு குறளால் அடிக்கமுடியாது.

வாதம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2011இல் அம்மா போனார். செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்கவில்லை. பிறகு அக்காவோடு கதைத்துக்கொண்டிருக்கையில் அந்த எட்டுப் பொதியைப் பற்றிச் சொல்லி, அம்மாவைக் கடைசிவரை ஏமாற்றிவிட்டேன் என்றேன். அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை. "அவவுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன். தனியச் சாப்பிடுற ஆக்களின்ரை குரல் அவவுக்குத் தெரியாதே?"

நான் சங்கப் புலவரையும் கான்ட்டையும் தேடிப்போன விசயத்துக்குச் சாட்சி எங்கள் வீட்டுக் குசினியிலேயே இருந்திருக்கிறது. அப்பா விருந்தில்லாமல் சாப்பிட்ட நாள் குறைவு. விறாந்தையில் எப்போதும் யாராவது. அரிசி கொத்துச் சுண்டால் அளந்தபிறகு, "ஆரும் வந்தால்" என்று ஒரு கைப்பிடி கூடப் போடுவார் அம்மா. எல்லோரும் கையலம்பி வெற்றிலை போட்டபிறகு, குசினிக்குள் பலகையில் இருந்து, அடிச்சட்டியில் மிஞ்சியதைப் போட்டுச் சாப்பிடுவார். தனிய. நாப்பது வருடம். தனித்து உண்ணாமையைப் புகழ்ந்த பாட்டுகளெல்லாம் விறாந்தையில் இருந்து எழுதப்பட்டவை. அந்தப் பெருமைக்குச் சோறு காய்ச்சியவர்கள் எங்கே இருந்து சாப்பிட்டார்கள் என்று அவற்றில் இல்லை. கான்ட்டின் வீட்டிலும் ஒரு சமையற்காரி இருந்தாள்.

"ஆரோட சாப்பிட்டாய்?" என்று கேட்ட ஒவ்வொரு முறையும் நான் பெயர்களைத் தேடினேன். "நீங்கள் ஆரோட அம்மா?" என்று ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை. தெரியாததை எல்லாம் தேடித் தேடி ஆச்சரியப்படுகிறவன் என்று என்னைப்பற்றி எனக்கொரு நினைப்பு. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் பார்த்த ஒன்று புதினமாகத் தெரிவதற்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. இதற்கு மன்னிப்பு எந்தத் தெருவில் கிடைக்கும் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் சமையலைக் கவனிக்கத் தொடங்கினேன். அரைப்பேணி அரிசி. மிச்சம் வராது, வீண்போகாது. இதை நான் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். யாரும் வரமாட்டார்கள் என்பதை ஒவ்வொரு நாளும் அளந்து போட்டிருக்கிறேன்.

இந்தப் பங்குனியில் கடையில் ஒடியல் மா கண்டேன். கூழ் என்பது ஒருவருக்குக் காய்ச்ச முடியாத சாமான். ஒருமுறை முயன்றிருக்கிறேன். ஒரு நண்டு, நாலு றால், ஒரு மீன்தலையில் பாதி என்று வாங்கப்போனால் மீன்கடைக்காரர் ஒருமாதிரிப் பார்க்கிறார். பயித்தங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி போட்டாலே சட்டி நிறைந்துவிடும். மா வேறு, ஊறவைத்துப் பிழிந்து கசப்பை எடுக்க அரைநாள் வேண்டும். ஆகவே இந்தமுறை அளக்கவில்லை. எட்டுப்பேர் காலத்துப் பெரிய பானையைக் கட்டிலுக்குக் கீழே இருந்து எடுத்தேன்.

செத்தல் மிளகாயும் புளியும் கொதிக்கத் தொடங்கியதும் மணம் படிக்கட்டெல்லாம் இறங்கியது. மூன்றாம் மாடியில் அந்தக் கிழவி இப்போது இல்லை. முதியோர் இல்லத்துக்குப் போய்க் கனகாலம். அங்கே ஒரு மாணவன், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் செய்கிறான். மற்றவர்களின் இரவுச் சாப்பாட்டை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி இறங்கிவிட்டு வந்தவன், என் கதவடியில் நின்று "என்ன எரிகிறது?" என்று கேட்டான். பயந்துதான் கேட்டான். உள்ளே கூப்பிட்டேன். முதல் வாயில் கண்ணால் தண்ணீர் ஓடியது. நிறுத்துவான் என்று பார்த்தேன். மூன்று கோப்பை குடித்தான். தன்னோடு இன்னும் இரண்டுபேர் இருக்கிறார்கள், கொஞ்சம் கொண்டுபோகலாமா என்றான். பானையோடு கொடுத்துவிட்டேன்.

இரண்டு கிழமையாகிறது, பானை இன்னும் வரவில்லை. போய்க் கேட்கவும் ஒருமாதிரி இருக்கிறது. வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று எதையாவது தேடிக்கொண்டிருக்கிறானோ தெரியாது. இடையில் நானே ஒன்று கவனித்தேன்: பொரிக்கிற தாச்சியில் சோறு காய்ச்சினால் அரைப்பேணி காணாது, அடிப்பிடிக்கிறது. முக்கால் பேணி போடவேண்டியிருக்கிறது.