அறியாத கம்பியும் அளவை நூலும்

அந்தி மயங்கும் வேளையில் தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று தடுமாறும் வழிப்போக்கனைச் சம்சயத்துக்கு, அதாவது ஐயத்துக்கு, உதாரணமாகக் காட்டுவது நியாய நூலாரின் நெடுநாளைய வழக்கம். படித்த நாளில் வெறும் பாடமாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த அந்த உதாரணம் நெஞ்சில் தைத்தது, என் பழைய அம்பாஸடர் காரின் முன்புற கிரில்லுக்குப் பின்னே, எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறதென்று அறிய முடியாதபடி கிரீஸும் தூசியும் படிந்து கிடந்த ஒரு சிவப்புக் கம்பியின் எதிரே நான் அமர்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில்தான்.

மலைப்பாதையின் பனிமூட்டத்துக்கென்று 55 வாட் விளக்குகள் இரண்டை வண்டியின் முன்னே பொருத்த விரும்பினேன். அவற்றுக்கு மின்சாரம் வேண்டும்; அந்தக் கம்பியோ கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. மீட்டரின் ஒரு முனையைக் கம்பியின் இணைப்பிலும் மறு முனையை வண்டியின் உலோக உடலிலும் வைத்தேன். 12 வோல்ட்டுக்குச் சற்று மேலாகக் காட்டிற்று. சாவியை அணைத்தேன், அப்போதும் குறையவில்லை. ஆகவே இது பாட்டரியிலிருந்து நேரே வரும் கம்பி என்று நிச்சயித்து, விளக்கொன்றை அதிலே சேர்த்தேன். விளக்கின் இழை மங்கலாகச் சிவந்ததோடு நின்றுவிட்டது. ஹாரனோ, பொத்தானை எவரும் தொடாதிருக்கவே, அடித்தொண்டையில் முனகத் தொடங்கிற்று.

காரணம் பின்னர் விளங்கியது. அந்த வண்டியில் ஹாரனின் ஒரு புறத்தில் பாட்டரியின் மின்சாரம் எப்போதும் வந்து நிற்கிறது. ஸ்டியரிங்கிலுள்ள பொத்தான் செய்வதெல்லாம் அதன் மறுபுறத்தை எர்த்தோடு, அதாவது வண்டியின் உடலோடு, சேர்ப்பது ஒன்றே. பொத்தானை அழுத்தாதவரை ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாதபோது ஹாரனின் சுருளில் வோல்ட் சிறிதும் இறங்குவதில்லை. ஆகையால் சுருளைக் கடந்து வந்த கம்பியிலும் பாட்டரியின் முழு வோல்ட்டும் குறையாமல் தோன்றுகிறது. நான் சேர்த்த விளக்கு, ஓட்டத்துக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டு, பொத்தானின் தொழிலைத் தானே செய்துவிட்டது.

என் கண் பொய் சொல்லவில்லை. மீட்டரும் பொய் சொல்லவில்லை. பிழை அனுமானத்தில் இருந்தது. நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை இருக்கும் என்று கொள்பவன், பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டைக் கண்டவுடன் தோற்றுப்போகிறான். புகை எழுவதற்கு நெருப்பு மட்டும் போதாது, ஈர விறகின் சேர்க்கையும் வேண்டும் என்பதை அவன் கருதவில்லை. இத்தகைய மறைந்த நிபந்தனையை உபாதி என்றும், உபாதியுள்ள ஏதுவைப் போலி ஏது என்றும் தார்க்கிகர்கள் வகுத்தார்கள். வோல்ட் காட்டுகிறது, ஆதலால் இது மின்சாரம் வழங்கவல்லது என்ற என் வாதமும் அவ்வகைப் போலியே. மின்சாரத்தின் சக்தி புலன்களுக்கு எட்டாதது. கயிற்றைப் பாம்பென்று மயங்கியவனுக்கு விளக்கைக் கொண்டுவந்தால் மயக்கம் தீரும், ஆனால் கம்பிக்கு எத்தனை வெளிச்சம் காட்டினாலும் அதன் நிறமன்றி வேறொன்றும் தெரியப்போவதில்லை. சக்தியைக் காரியத்தைக் கொண்டே ஊகித்தறிய வேண்டும் என்று, வேத வாக்கியங்களை ஆராயும் மீமாம்சகர்கள் வற்புறுத்தியது இங்கே எத்துணைப் பொருத்தமாக இருக்கிறது!

ஆகவே தேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் மீட்டரோடு நிற்பதில்லை. இணைப்பு அரித்துப்போய்த் தடை மிகுந்துவிட்ட கம்பியிலும் மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டும். மீட்டர் கம்பியிடம் கேட்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம். 5 வாட் பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்ப்போ ஏறத்தாழ 0.4 ஆம்பியரைக் கேட்கிறது. கொடுக்க இயலாத கம்பியின் ஏழ்மை அப்போது வெளிப்பட்டுவிடும். ஆயினும் என் ஹாரன் கம்பி அந்தச் சோதனையிலும் தேறியிருக்கும். ஹாரனின் சுருள் அவ்வளவு சிறிய ஓட்டத்தைத் தடுப்பதில்லை. அதைக் காட்டிக்கொடுக்கக்கூடியது எதிர்மறைச் சோதனையாகிய வியதிரேகம் ஒன்றே. கம்பியில் சோதனை விளக்கு எரிந்துகொண்டிருக்கையில், மற்றொருவரை வண்டிக்குள் அமர்த்தி, சாவி, முகப்பு விளக்கு, பிரேக், ஹாரன், கதவு என்று ஒவ்வொன்றாக இயக்கச் சொல்லி, எதை இயக்கும்போது இது அணைகிறது என்று பார்ப்பதே முறை. ஹாரன் பொத்தானை ஒரு முறை அழுத்தியிருந்தால் விளக்கு அணைந்து, கம்பி தன் பெயரைத் தானே சொல்லியிருக்கும். நான் அதைச் செய்யவில்லை. (கம்ப்யூட்டரால் இயங்கும் இக்கால வண்டிகளில் பல்பு பொருத்திய சோதனை விளக்கைக் கண்ட இடத்தில் வைக்கலாகாது, ஏர்பேக்குக்குரிய மஞ்சள் உறையிட்ட கம்பிகளை எந்தக் கருவி கொண்டும் தீண்டலாகாது.)

நிறத்தை நம்பலாமா என்பது அடுத்த வினா. இது, சொல்லை அறிவுக்குச் சான்றாகக் கொள்ளும் சப்தப் பிரமாணத்தைச் சார்ந்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு அநாதியானது, எவராலும் ஏற்படுத்தப்படாதது என்றனர் மீமாம்சகர். அது சங்கேதத்தால் வந்தது என்றனர் நியாய நூலாராகிய நையாயிகர். பிரிட்டிஷ் வண்டிகளின் மரபில் பழுப்புக் கம்பி பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் இன்றி நேரே வரும் உயிர்க்கம்பி, கறுப்பு எர்த். ஜெர்மானிய வண்டிகளின் மரபிலோ அதே பழுப்புத்தான் எர்த். ஒரு தேசத்து அட்டவணையை மனப்பாடம் செய்தவன் மறு தேசத்து வண்டியில் அதைப் பிரயோகித்தால், பாட்டரியின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று மோதவைத்துவிடக் கூடும். வேதச் சொல்லைப் பற்றி மீமாம்சகரோடு வழக்காட எனக்குத் தகுதியில்லை. கம்பியின் நிறத்தைப் பொறுத்தவரையில் நையாயிகர் கட்சியே சரி.

உற்பத்தி செய்தவர் வரைந்த ஒயரிங் படம் ஆப்த வாக்கியத்துக்கு நிகரானது. பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே உரைக்க விரும்புபவனே ஆப்தன் என்ற இலக்கணம் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் படம் வரைந்த பின் வண்டி எத்தனையோ கைகள் மாறியிருக்கிறது. பிரிட்டிஷ் முறைப்படி ஊதாவில் கறுப்புக் கோடிட்டதாக இருக்க வேண்டிய என் ஹாரன் கம்பியை, முன்னொரு காலத்தில் எவரோ அறுந்த இடத்தில் கையிலிருந்த சிவப்புத் துண்டால் ஒட்டுப்போட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டார். வாக்கியம் மெய்யாகவே நின்றது, பொருள் மாறிவிட்டது. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில், அளவைகள் பத்து வரை விரியுமாயினும் அவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று காட்டியதையும், இறைவனைப் பற்றிய விசாரணைக்கு முன்னே அந்த அளவையியலை வைத்ததையும் நான் நெடுங்காலம் சம்பிரதாயம் என்றே கருதியிருந்தேன். ஒன்று தவறும் இடத்தை மற்ற இரண்டும் காக்கவேண்டும் என்பதற்காகவே மூன்றும் வேண்டியிருக்கின்றன என்று இப்போது கருதுகிறேன்.

சிரத்தையுள்ளவன் ஐயுறலாகாது என்று சமயவாணர் சிலர் போதிக்கிறார்கள். கீதையின் நான்காம் அத்தியாயம் ஐயத்தைக் கடிவதை அதற்குச் சான்றாகவும் காட்டுகிறார்கள். அதே அத்தியாயம் ஞானியிடம் பணிந்து வினவி அறியச் சொல்வதையும், ஐயத்தை ஞானமென்னும் வாளால் அறுக்கச் சொல்வதையும் அவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். அறுப்பது வேறு, அமுக்கி மறைப்பது வேறு. நியாய சூத்திரம் செய்த கௌதமர் தம் பதினாறு பதார்த்தங்களில் சம்சயத்தை மூன்றாவதாகவும் நிர்ணயத்தை ஒன்பதாவதாகவும் வைத்தார். அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்தவன் நான்.

எரிகிறதே, போதாதா என்று கேட்பாரும் உண்டு. பயனுள்ள செயலில் முடிவதே அறிவின் மெய்ம்மைக்கு அடையாளம் என்று அந்தச் சூத்திரத்துக்கு உரைகண்ட வாத்ஸ்யாயனர் உரைத்தது உண்மைதான். எனினும் பயனை எத்தனை காலம் கழித்துப் பார்ப்பது என்பதையும் கேட்டாக வேண்டும். 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கம்பியொன்றில் அவற்றைத் தொடுத்தால் அன்றிரவு எரியும், அடுத்த மாதமும் எரியும், கம்பியின் உறை உள்ளே இளகிக்கொண்டிருக்கும். ஃப்யூஸ் விளக்கைக் காப்பதற்கு ஏற்பட்டதன்று, கம்பியைக் காப்பதற்கு ஏற்பட்டது. அதனால்தான் அதை விளக்கின் அருகில் வைக்காமல் பாட்டரியின் அருகிலேயே வைக்கிறார்கள். என் அறிவு எங்கோ தவறியிருக்கக் கூடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தத் தவற்றின் விலையைப் பயணம் செய்வோர் கொடுக்காதபடி தானே உருகிப்போக ஒரு பொருளை நியமிப்பதை நான் தர்மத்தின் பாற்பட்ட காரியமாகவே மதிக்கிறேன்.

பிறகு வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். முதலில் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றினேன். பாஸிடிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்துவிடும். பாட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை, சிறிய ஓட்டத்தால் பெரிய ஓட்டத்தைத் திறந்துவிடும் ரிலேக்கும் அங்கிருந்து விளக்குகளுக்கும் கொண்டுவந்து, ரிலேயின் சுருளை மட்டும், மும்முறை சோதித்தறிந்த பக்க விளக்குக் கம்பியோடு, ஒரு ஸ்விட்சின் வழியாகச் சேர்த்தேன். நெகடிவ் முனையைக் கடைசியில் மாட்டினேன். விளக்குகள் எரிந்தன, ஹாரன் பேசாதிருந்தது.

வண்டியில் புதிதாக ஒரு கம்பியைச் சேர்ப்பவர்கள் அதன் நிறத்தையும், அது தொடங்கும் இடத்தையும், முடியும் இடத்தையும், ஃப்யூஸின் ஆம்பியரையும் ஒரு காகிதத்தில் எழுதி வண்டியின் பத்திரங்களோடு வைத்துவிட வேண்டுகிறேன். உங்களுக்குப் பின் அந்த பானெட்டைத் திறக்கப்போகிறவர்க்கு உங்களையன்றி வேறு ஆப்தர் இல்லை.