ஊரின் பெயரும் ஊரின் குரலும்

ஓர் ஊர் எப்போது மறைகிறது? வீடுகள் இடியும்போதா? மக்கள் குடிபெயரும்போதா? அன்றித் தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையை இழக்கும்போதா? நார்வே நாட்டில் முன்பிருந்த ஆக்கர் என்னும் ஊராட்சியின் வரலாறு இவ்வினாவை ஆராயத் துணைபுரியும்.

1837ஆம் ஆண்டில் நார்வே, நகரங்களுக்கும் நாட்டுப்புறங்களுக்கும் தன்னாட்சி வழங்கும் சட்டங்களை இயற்றியது. வாக்குரிமை பெற்ற உழவர்கள் தம் ஊர்ச் செலவைத் தாமே தீர்மானிக்கும் மன்றங்களைப் பெற்றனர். தலைநகராகிய கிறிஸ்தியானியாவைச் சூழ்ந்து, பண்ணைகளும் காடுகளுமாகப் பரந்து கிடந்த ஆக்கரும் அவ்வாறு எழுந்த ஊராட்சியே. நகரோ வளர்ந்தது, வளர இடம் வேண்டிற்று. 1859இலும் 1878இலும் ஆக்கரின் பகுதிகள் நகரோடு இணைந்தன. 1925இல் ஓஸ்லோ எனப் பெயர் மாறிய அந்நகர், 1948 சனவரி முதல் நாளன்று ஆக்கர் முழுவதையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. பரப்பில் ஆக்கர் நகரைவிட இருபது மடங்கிற்கும் மேல் பெரிது, மக்கள்தொகையிலோ சிறிது.

இது நீதியாகுமா? இணைப்பை ஆதரிப்போர் கூற்றிலும் உண்மையுண்டு. போருக்குப்பின் ஓஸ்லோவில் வீட்டுப் பஞ்சம் மிகுந்திருந்தது. வீடு கட்ட நிலம் ஆக்கரில் இருந்தது. ஆக்கரில் குடியிருந்து நகரில் உழைத்தோரும் பலர். ஒருவரையொருவர் சார்ந்து வாழ்வோர் வேலியை மட்டும் காத்து நிற்பது அறமாகாது.

ஆயினும், நிலத்தைப் பகிர்வது வேறு. குரலை இழப்பது வேறு. அண்டை வீட்டார் அமர்ந்த மன்றத்தில் தன் குறையை எடுத்துரைத்த குடிமகன், பெருநகரில் பல்லாயிரவருள் ஒருவனாகிறான். பெயரைக் காப்பதால் இவ்விழப்பு ஈடாகுமா? ஒரு மருத்துவமனையின் பெயரிலும் ஓர் ஆற்றின் பெயரிலும் ஆக்கர் இன்றும் வழங்குகிறது. பெயர் நினைவைத் தரும், உரிமையைத் தாராது.

1988இல் ஓஸ்லோ நகர் முழுவதும் 25 வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. 2004 முதல் அவ்வட்டாரங்கள் 15 ஆயின. நகராட்சி ஒதுக்கும் பணத்தைக் கொண்டு இயங்கும் இம்மன்றங்கள் பழைய ஊராட்சிக்கு நிகராகமாட்டா. எனினும், பேராட்சிக்கும் சிறு மன்றங்கள் தேவை என்னும் உண்மையை அவை உணர்த்துகின்றன.

ஆகவே, சிறியது பெரியதோடு சேர்வது குற்றமன்று. சேர்ந்தபின் அதன் சொல் செவியேறாது போவதே குற்றம். வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் எல்லைகள் மாறிய ஆண்டுகளை அறிந்தால் மட்டும் போதாது. எல்லை மாறிய பின்னர் அங்கு வாழ்ந்தோர் பேச முடிந்ததா, பேசியது கேட்கப்பட்டதா என்றும் வினவுதல் வேண்டும். ஓர் இணைப்பின் அறத்தை அளக்கும் கோல் அதுவே.