முதலாளி நம்மை மதிக்கிறாரா? குமரகோட்டம் காட்டும் மூன்று அடையாளம்

ஓம் சரவணபவ!



போன கிருத்திகைக்கு இளையனார் வேலூர் போயிருந்தப்ப, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போற ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, ஆறு வருஷமா உழைக்கிறேன். கம்பெனி என்னை மதிக்குதான்னே தெரியல. இந்த மாசத்தோட விட்டுடலாமான்னு பாக்குறேன். வீட்டுல தங்கச்சி கல்யாணம் வேற இருக்கு." நம்ம ஊர்ப் பக்கம் நிறைய பேர் மனசுல இருக்கிற கேள்வி இது. அதான் எல்லாருக்குமா எழுதுறேன்.

நம்ம காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கதையை நினைச்சுப் பாருங்க. அங்கே அர்ச்சகரா இருந்தவர் கச்சியப்ப சிவாச்சாரியார். கந்தபுராணம் பாடச் சொல்லி முருகனே முதலடி எடுத்துக் கொடுத்தான். அவர் தினமும் நூறு பாட்டு எழுதி, ராத்திரி சந்நிதியில வெச்சுட்டுப் போவார். காலையில வந்து பார்த்தா திருத்தம் இருக்கும். அரங்கேற்றத்தன்று முதல் பாட்டோட முதல் சொல்லுக்கே இலக்கணம் இல்லைன்னு சபையில தடை எழுந்தது. மறுநாள் முருகனே சோழ நாட்டுப் புலவரா வந்து, வீரசோழியத்தில் விதி இருக்குன்னு காட்டினான். இப்படித்தான் தல வரலாறு சொல்கிறது.

ஒரு நல்ல எஜமானனோட அடையாளம் மூன்றும் இதுலயே இருக்கு.

ஒன்று, நம்பிப் பெரிய வேலையைக் கொடுப்பது. ஆறு வருஷத்துல உங்களுக்குப் புது மெஷின் கத்துக் கொடுத்தாங்களா? புதுசா வர்ற பசங்களை உங்ககிட்ட விடுறாங்களா?

இரண்டு, வேலையைப் பார்த்துத் திருத்துவது. திட்டுறாங்கன்னு வருத்தப்படாதீங்க. திருத்துறவன் நம்மைக் கவனிக்கிறான். நல்லாயிருந்தாலும் கெட்டாலும் ஒண்ணுமே சொல்லாத இடம்தான் யோசிக்க வேண்டிய இடம்.

மூன்று, சபையில் கூட நிற்பது. நான் வேலை பார்த்த இடத்துல ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தப்ப, மேனேஜர் முன்னாடி எங்க சூப்பர்வைசர், "டிராயிங் மாறினதை நான்தான் பசங்களுக்குச் சொல்லல"ன்னு ஒத்துக்கிட்டார். அந்த வருஷம் இன்கிரிமென்ட் கம்மிதான். ஆனா எங்க மதிப்பு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

இதோட ஒரு நடைமுறை விஷயம். வாய்ப் பாராட்டை மட்டும் பார்க்காதீங்க, பி.எஃப். பாஸ்புக்கையும் பாருங்க. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் உங்ககிட்ட 12 சதவீதம் பிடிச்சா, முதலாளியும் 12 சதவீதம் போடணும். அது மாசாமாசம் ஏறுதான்னு போன்லயே தெரியும். "நீ நம்ம வீட்டுப் பிள்ளை"ன்னு சொல்லிட்டு அதைக் கட்டாத இடத்துல, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

ஆனா மதிப்பு வேற, நிலைப்பு வேற. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் ஓடத் தொடங்கி, 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றது. வரித் தகராறால் மைக்ரோசாஃப்ட் வாங்கியதில் இந்த ஆலை சேரல, ஆர்டரும் நின்றது. அங்கே ஆயிரக்கணக்கில் நம்ம பிள்ளைங்க வேலை இழந்தது அவங்க கைத்திறமை குறைஞ்சதாலயா? இல்லையே! கம்பெனி கொடுக்கிற விலை ஒன்று. நம்ம மதிப்பு இன்னொன்று.

அந்தத் தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். மூன்று அடையாளத்தில் இரண்டு இருந்தா, பொறுமையா இருந்து சம்பளத்தை வாய்விட்டுக் கேளுங்க. ஒண்ணுமே இல்லைன்னா, வேற இடத்துல ஆர்டர் கையில வாங்கின பிறகு வெளியே வாங்க. கோபத்துல பேப்பர் போடாதீங்க. கல்யாணச் செலவு நம்ம கோபத்துக்காகக் காத்திருக்காது.

எங்கே வேலை செஞ்சாலும், ராத்திரி சந்நிதியில வைக்கப்போற ஏடு மாதிரி அன்றைய வேலையை முடிங்க. பார்க்கிறவன் ஒருத்தன் இருக்கான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!