எடுப்பதிலும் ஓர் அறம்

இயற்கையிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல் மனிதன் ஒரு நாளும் வாழ இயலாது. உண்ணும் சோறும், உடுக்கும் உடையும், குடிக்கும் நீரும் அங்கிருந்தே வருகின்றன. ஆகவே, இயற்கையின்பால் அன்புடன் வாழ்தல் என்பது யாதொன்றும் எடுக்காதிருத்தல் அன்று. எவ்வளவு எடுப்பது, எவ்வாறு எடுப்பது, எடுத்தபின் எதனை விட்டுச் செல்வது என்பனவே நாம் கேட்கத்தக்க வினாக்கள். விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருள் பிரியும் வேளையில் ஏந்திச் சென்ற பால்வெட்டும் கத்தியே விடை கூறும்.

பெம்பான் அமைந்திருப்பது மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தில். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மாநிலத்தின் காடுகள் பல மரவள்ளிப் பயிருக்காக அழிக்கப்பட்டன. சில அறுவடைகளிலேயே மண் களைத்தது. பயிரிட்டோர் அடுத்த காட்டை நாடிச் சென்றனர். பின்னே எஞ்சியது லாலான் புல்லே. 1896-இல் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் நம் மாவட்டத்துப் புக்கிட் ஆசகானிலும் ரப்பர்த் தோட்டம் எழுந்தது. ஏறத்தாழ அக்காலத்திலேயே, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். முன்னாளில் பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். ரிட்லியின் முறையிலோ, முன்பு வெட்டிய கோட்டிலேயே மெல்லிய பட்டையைச் சீவினால் போதும்.

அம்மெல்லிய சீவலில் எத்துணை நுட்பம்! பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மீண்டும் அங்கே சீவ இயலாது. முறையாகச் சீவிய மரமோ சில ஆண்டுகளில் தன் பட்டையைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். மேலும், இன்று சீவிய மரத்துக்கு நாளை ஓய்வு உண்டு. மங்கில் நிறைந்த பாலை எடுத்துக்கொண்டு, மரத்துக்கு அதன் உயிரை விட்டுவைத்த தொழில் இது. ஏட்டுக் கல்வி அறியாத நம் முன்னோர் கை, எடுப்பதின் வரம்பை அறிந்திருந்தது.

இங்கே ஒருவர் மறுத்துக் கூறலாம்: 'மரத்தைக் காத்தது அன்பு அன்று, இலாபக் கணக்கு. காயம் விழுந்தால் கண்டிப்பார்களே என்னும் அச்சமும் கத்தியைத் தடுத்தது. இதனை அறம் எனலாமோ?' இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. ரப்பரின் விலை வீழ்ந்து செம்பனைக்கு மதிப்பு உயர்ந்தபோது, அதே கணக்கு அதே மரங்களை வேரோடு சாய்த்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்பு நிலங்களாக மாறியபோதும், அம்மரங்களை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. பயன் தரும் வரை காத்து, பயன் தீர்ந்ததும் எறிந்துவிடும் மனத்துக்கு மரமும் ஒன்றே, மனிதனும் ஒன்றே. இதனாலன்றோ இயற்கையின்பால் காட்டும் அன்பை மனிதர்பால் காட்டும் அன்பிலிருந்து பிரிக்க இயலாது என்கிறோம்!

செம்பனையின் கதையும் இதனையே உணர்த்துகிறது. முன்னர்த் தொழிலாளர் பூக்களில் மகரந்தத்தைக் கையால் தூவி வந்தனர். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து கொணர்ந்த சிறு வண்டு அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குப் பெட்டிக்கூடுகள் அமைத்தனர். அலறல் கேட்டாலே தீய நிமித்தம் என்று நம்மவர் விரட்டிய பறவை, எலி தின்னும் என்றதும் மதிப்புப் பெற்றது. நன்றே. ஆயின், எலி தின்னாத பறவைக்கு வாழும் உரிமை இல்லையா? நமக்கு யாதொன்றும் தாராத உயிரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதே அன்பின் உரைகல்.

பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரை ஈந்தான். முல்லை அவனுக்குக் கைம்மாறு யாது செய்யும்? பயன் நோக்காத அச்செயலைக் கொடைமடம் என்று புலவர் போற்றினர். பாரிக்குத் தேர் இருந்தது, கொடுத்தான். நம்மிடம் ஒரு குச்சி இருக்கிறது. அதனை நட்டாலே கொடி படர்ந்துவிடும். அன்புக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. கண் திறந்திருந்தால் போதும்.

நாள்தோறும் செய்யத்தக்கவை எளியவை. அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றலாம். முருங்கைக்கீரை வேண்டுமெனில், கிளையை முறிக்காமல் தேவையான ஈர்க்குகளை மட்டும் கிள்ளலாம். பப்பாளியில் ஒரு பழத்தைப் பறவைக்கென மரத்திலேயே விட்டுவைக்கலாம். உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் குழியிலிட்டு எருவாக்கலாம். எறும்பும் உண்ணட்டும் என்று அரிசி மாவால் கோலமிட்ட வழக்கத்தை, கல்மாவும் ஒட்டுத்தாளும் விழுங்கிவிடாமல் காக்கலாம்.

இச்சிறு செயல்களால் உலகம் மாறிவிடுமோ என்று வினவுவோர் உளர். 1991-இல் டுரியான் துங்கல் அணை வறண்டு, மலாக்கா மக்கள் குடிநீருக்கு அல்லலுற்றனர். 2015-இல் புகைமூட்டத்தால் இம்மாநிலம் உள்ளிட்ட பல இடங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு குடம் நீரைச் சேமிப்பதால் அணை நிரம்பாது. ஒரு வீட்டில் சருகை எரிக்காமல் விடுவதால் புகைமூட்டம் விலகாது. இது மெய்யே. அவற்றுக்கு அரசும் சட்டமும் பெருநிறுவனங்களின் பொறுப்பும் வேண்டும். 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்ற விதி நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. விதி குப்பையைப் பிரிக்கச் சொல்லும். எதனைக் குப்பை என்று எண்ணுவது என்பதை மனமே முடிவு செய்யும். சிறு செயல்கள் அம்மனத்தைப் பழக்குகின்றன. பழகிய மனமுடைய மக்களே நல்ல சட்டத்தைக் கேட்டுப் பெறுவர், பெற்றதைக் காப்பர்.

இன்று நம் மாணவருள் மிகச் சிலரே பால்மரத்தைத் தொட்டுப் பார்த்திருப்பர். அக்கத்தி அவர்தம் கைக்கு மீண்டும் வர வேண்டுவதில்லை; அத்தொழிலின் துயரம் வேண்டவே வேண்டா. ஆயின், அக்கத்தி நின்ற இடம் அவர்கள் அறிய வேண்டிய இடம். பறிக்கும் முன்னும், வெட்டும் முன்னும், வாங்கும் முன்னும், 'இவ்வளவு போதுமா?' என்று ஒரு கணம் வினவும் பழக்கத்தை வகுப்பறையில் ஊன்றுவோம். போதும் என்னும் சொல்லை உரிய இடத்தில் கூறத் தெரிந்தவனே கற்றவன்.