காணாதவர்க்கும் கடமை உண்டோ?

கண்ணெதிரே நிற்பவர்க்குத் தீங்கிழைக்க நாம் அஞ்சுகிறோம். ஊர் பழிக்கும், நெஞ்சும் சுடும். ஆயின், நாம் ஒருநாளும் காணப்போகாத ஒருவர்க்கு நம் செயலால் தீங்கு நேருமாயின், அங்கே நம்மைத் தடுப்பது யாது? இவ்வினாவை ஓர் இளம் பொறியாளரின் மேசைமேல் வைத்து ஆராய்வோம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே கஞ்சிக்கோட்டிலிருந்து கோயம்புத்தூர் நோக்கி வருவோர் வழிநெடுகத் தொழிற்கூடங்களைக் காண்பர். அத்தகைய கூடமொன்றில், இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று ஈராண்டே ஆன இளைஞர் ஒருவர், மோட்டார் உதிரிப் பாகங்களைச் சோதித்து அனுப்பும் பொறுப்பில் இருப்பதாகக் கொள்வோம். பிரேக் உருளையின் துளையை அளக்கும் கேஜுக்கு இருமுனைகள் உண்டு. ஒன்று நுழைய வேண்டும், மற்றொன்று நுழையலாகாது. இன்று, நுழையலாகாத முனை சில உருளைகளில் நுழைந்துவிட்டது. வாயிலில் லாரி காத்திருக்கிறது. “தம்பி, மயிரிழைதானே! கையெழுத்தைப் போடுங்கள், அங்கே லைன் நின்றுவிடும்” என்கிறார் மேலாளர்.

மேலாளரைக் கொடியவர் என ஒதுக்குவது எளிது, நேர்மையன்று. சரக்கு தாமதித்தால் ஒப்பந்தம் போகும். தொழிலாளர் கூலியும் போகும். இளைஞருக்கோ வேலையே இன்னும் நிலைப்படவில்லை.

மறுபுறம் யார் இருக்கிறார்? போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிச்செல்லும் தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள். மாலையில் போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளில் அவர்கள் இறங்கும்போது, அவர்தம் உயிர் அந்த மயிரிழையில் தொங்கக்கூடும்.

இது வீண் அச்சமன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனக் கார்களில், ஓடும்போதே சாவி நழுவி எஞ்சின் அணையக் காரணமான ஒரு சிறு சுவிட்சு இருந்தது. 2006இல் அதனைத் திருத்தியபோது பாக எண்ணை மாற்றாமல் விட்டனர். பழையது எது, புதியது எது என அறியவியலாமற்போயிற்று. 2014இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 உயிரிழப்புகளை இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. ஓர் எண்ணை எழுதாமை எத்துணைப் பெரிய செயலாயிற்று!

வேண்டிய பொருளை வேண்டிய பொழுதில் மட்டும் தருவிக்கும் முறையை ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்த்தவர் தாயிச்சி ஓனோ. அம்முறைக்கு மற்றொரு தூணும் உண்டு. 1924இல் சகிச்சி டொயோடா நிறைவுசெய்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அக்கருத்தே பின்னர், குறை கண்ட எந்தத் தொழிலாளியும் இழுத்து வேலையை நிறுத்தத்தக்க கயிறாக மோட்டார்த் தொழிற்சாலையில் தொங்கிற்று. பஞ்சாலைகளால் வளர்ந்த கோவைக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். அறுந்த நூலோடு ஓடும் தறி, நெய்வது துணியன்று. விரைவை மட்டும் கற்றுக் கயிற்றை மறந்தவர் பாதியே கற்றவர்.

வாளையாற்றில் லாரிகளை நிறுத்திய வணிகவரிச் சோதனைச் சாவடி, 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் அகன்றது. அச்சாவடியும் வரியைத்தான் நோக்கிற்றே தவிர, உருளையின் துளையை அளந்ததில்லை. அதனை அளப்பது அவ்விளைஞரின் கை ஒன்றே.

சுமை முழுவதையும் அவர் தலையில் ஏற்றலாமா? ஆகாது. கோப்புகளில் ஒப்பமிடும் நம் போன்ற எழுத்தர் ஒன்றை அறிவோம். ‘மேலே பார்த்துக்கொள்வார்கள்’ என்று கீழுள்ளவரும், ‘கீழே பார்த்திருப்பார்கள்’ என்று மேலுள்ளவரும் எண்ணுமிடத்தில் எவருமே பார்ப்பதில்லை. கடமையைப் பலர் பகிரலாம். பகிர்ந்து பகிர்ந்து இல்லாததாக்கிவிடல் தகாது.

எனவே அவர் செய்யத்தக்கது: குறையுள்ள உருளைகளைத் தனியே ஒதுக்குக, கண்ட அளவை உள்ளவாறே எழுதுக, வாங்குவோர்க்கும் அறிவிக்குக. நாம் செய்யத்தக்கதோ, நிறுத்தியவரைத் தண்டியாதிருத்தல். அந்த ஜீப்பில் வருபவர் இவ்விளைஞரின் பெயரை ஒருநாளும் அறியப்போவதில்லை. நன்றி கூற எவரும் வாராவிடத்துச் செய்யப்படும் கடமையே அறத்தின் உரைகல் என்போம்.