குறை என்பது யாருடைய குறை?

1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் படத்தைக் கறுப்பு வெள்ளைத் திரையில் பார்த்தால் சில இடங்களில் ஒல்லியான செங்குத்துக் கோடுகள்தான் தெரியும். அதே சிக்னலை அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தால், கோடுகள் இருந்த இடத்தில் ஊதாவோ பச்சையோ நிரம்பியிருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று எரியும் புள்ளிகள், அந்த நாட்டு ஒளிபரப்பில் வண்ணத்துக்கென்று ஒதுக்கிய 3.58 மெகாஹெர்ட்ஸில் வந்து விழுகின்றன. தொலைக்காட்சி அதை நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்டீவ் வோஸ்னியாக் இந்த ஏமாற்றைத் தெரிந்தேதான் செய்தார்.

இன்று பழைய வீட்டுக் கணினிகளைச் சீர்படுத்துகிறவர்கள் ஆசிலோஸ்கோப்பும் கையுமாக உட்கார்ந்து படத்தின் மங்கலைத் துரத்துகிறார்கள். நல்ல வேலைதான். வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் போனால் ஒன்றில் ஒன்று கசியும். பிரித்து அனுப்பினால் எழுத்து கூர்மையாகும். கமடோர் 64இல் இப்படிச் செய்தால் கண்ணுக்கு நிம்மதி. ஆனால் ஆப்பிள் 2இல் அந்தக் கசிவை முழுக்க அடைத்தால் நிறமே போய்விடும். களை பிடுங்கப் போய்ப் பயிரையே பிடுங்கின கதை. அப்படியானால் எது களை, எது பயிர்? யார் சொல்வது?

அளந்து பார்த்தால் தெரிந்துவிடாதா என்று தோன்றும். ஆனால் அளவீடே ஒரு பாடம் சொல்கிறது. வீடியோ கம்பியின் முனையில் 75 ஓம் மின்தடை போடாமல் ஆசிலோஸ்கோப்பை மாட்டினால், 1 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 2 வோல்ட் காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. எதிர்முனையில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது என்பதை நாம் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சிக்னல் அனுப்புகிறவருக்கு மட்டும் சொந்தமில்லை. வாங்குகிறவரையும் சேர்த்துத்தான் அதற்கு அளவு. படமும் அப்படித்தான்.

1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் படத்தை ஆன்டெனா வழியாக அனுப்பியது. அன்றைய வீட்டுத் தொலைக்காட்சிகள் பெரும்பாலானவற்றில் வேறு வாசல் கிடையாது. உள்ளே இருக்கும் மாடுலேட்டரைத் தாண்டி சிக்னலை நேரே எடுத்தால் இரைச்சல் குறைகிறது. 'நாங்க சின்ன வயசுல இரைச்சலோடதானே பாத்தோம், அதுதானே அசல்?' என்று சிலர் கேட்பார்கள். அந்த ஏக்கத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் குழந்தை இரைச்சலை மீறித்தான் விளையாடியது. ஆப்பிளுக்குப் படம் வரைந்தவரோ கசிவைக் கொண்டே வரைந்தார். மீறிச் செய்ததும் கொண்டு செய்ததும் ஒன்றல்ல. ஒரு குறையின் மேல் யாராவது வீடு கட்டியிருந்தால், அதன் பெயர் அஸ்திவாரம்.

ஆப்பிள் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம். 1986இல் வந்த ஆப்பிள் 2ஜிஎஸ் தெளிவான ஆர்ஜிபி வெளியீடு கொண்டது. அங்கே கசிவுக்கு இடமில்லை. ஆகவே பழைய மென்பொருள்களுக்காக, கசிவினால் பிறந்த அந்த நிறங்களை அந்தக் கணினியே மெனக்கெட்டு உருவாக்கிக் கொடுத்தது.

எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஐரோப்பாவின் பால் முறைத் தொலைக்காட்சி அடுத்தடுத்த வரிகளின் வண்ணத்தைக் கலந்துவிடும். அதை நம்பி, வரிக்கு வரி நிறம் மாற்றி, கமடோர் 64இன் 16 நிறங்களில் இல்லாத நிறங்களைக் காட்டிய ஓவியர்கள் உண்டு. கூர்மையான திரையில் அவை வெறும் பட்டைகள். ஆக, எழுத்துக்கு நன்மை செய்யும் அதே கணினியில் ஓவியத்துக்குத் தீங்கு.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். இந்தப் பழைய போர்டுகள் குறைந்துகொண்டே போகின்றன. புதிய சாக்கெட் வையுங்கள், தாராளமாக. பழையதைப் பிடுங்காமல், தடத்தை வெட்டாமல், பக்கத்தில் வையுங்கள். நமக்கு மங்கலாகத் தெரிவதில் யார் என்ன வரைந்து வைத்திருக்கிறார் என்பது நமக்குப் பின்னால் வருகிறவருக்குத் தெரியவரலாம். அப்போது அந்த வாசல் திறந்திருக்க வேண்டும்.