ஈகையும் நடுவுநிலையும்

இடுக்கண் உற்றார்க்கு உதவுதல் அறமென்பதை மறுப்பார் இலர். ஆயின், எவர்க்கு, எதனை, எவர் வாயிலாக உதவுதல் அறமாம் என்னும் வினா எழுங்கால் கற்றோரும் தடுமாறுவர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நாகைக் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை இவ்வினாவை எல்லார் முன்னும் நிறுத்திற்று.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்று மாண்டோர் 6,000-க்கு மேற்பட்டவர். சில நாட்களுள் நாடெங்கணுமிருந்து பொருள் வந்து குவிந்தது. வந்தவற்றுள் பழந்துணிகள் சாலையோரத்தே எடுப்பாரின்றிக் கிடந்தன. கொடுத்தவர் வீட்டில் இடம் ஒழிந்ததே அக்கொடையின் பயன் எனின் மிகையன்று. நாகை நுளைப்பாடியில் பரதவர் தலைவராய் வாழ்ந்த அதிபத்த நாயனார், வறுமையுற்ற நாளிலும் தமக்குக் கிடைத்த ஒரு மீனை இறைவற்கென்றே கடலில் விட்டவர் எனப் பெரியபுராணம் கூறும். அக்கரையில் வாழ்வாரை வெறும் இரவலராக எண்ணுதல் தகுமோ?

நாகை மீனவ மகளிரிடைப் பல்லாண்டு தொண்டாற்றிய சினேகா என்னும் நிறுவனமும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஒருங்குகூடி, மாவட்ட ஆட்சியரகத்தோடு இயைந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்தன. எவ்வூர்க்கு எது வேண்டும், எவர் எங்கே பணிசெய்கின்றனர் எனத் தொகுத்தறிதல் அதன் முதற்கடனாயிற்று.

மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து நெடுங்காலமாக உண்டு. மணமாகி ஊர்க்கு வரி செலுத்தும் ஆடவர் வரிக்காரர் எனப்படுவர். ஊர்க்கு வந்த பொருளை வரிக்காரர்க்கெல்லாம் ஒப்பப் பகிர்தல் வழக்கு. உதவிப்பொருளும் பலவூர்களில் அவ்வாறே பகிரப்பட்டது. படகிழந்தானும் இழவாதானும் ஒப்பப் பெறுதல் முறையோ எனச் சிலர் குறைகூறினர். அக்குறை முழுதும் பொருந்தாது. ஒருவன் படகு கடல் புகாதாயின், உடன்செல்வார்க்குப் பங்கில்லை. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்டிர்க்கும் அன்று பிழைப்பில்லை. கடற்றொழிலில் இழப்பு ஒரு வீட்டோடு நில்லாது.

உண்மைக் குறை வேறிடத்தது. கணவனை இழந்தவள் வரிக்காரி அல்லள். ஆகலின் சிலவூர்களில் அவள் பெயர் பகிர்வில் விடுபட்டது. உப்புநீர் புகுந்த வயல்களிற் கூலிவேலை செய்து வாழ்ந்த தலித் மக்கள் படகோ வலையோ இழந்திலர். அவர் இழந்த கூலி முதலில் எவர் கணக்கிலும் எளிதில் ஏறவில்லை. எல்லார்க்கும் ஒப்ப என்னுமிடத்து, ‘எல்லார்’ என்பார் யாவர் என வினவுதல் வேண்டும். காலையில் வண்டியில் வந்து மாலையில் மீள்வோர் அதனை வினவ அறியார். எவ்வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை அறிந்த உள்ளூர்த் தொண்டரே அறிவர். அவர்க்கும் இஃது எளிதன்று. பஞ்சாயத்தைப் பகைத்து ஒரு கைம்பெண்ணுக்குத் தனியே கொடுப்பின், கொடுத்தவர் போனபின் ஊரார் வெறுப்பை அவளே சுமக்க நேரும். பஞ்சாயத்துக்கு முற்றும் உடன்பட்டாலோ அவள் பட்டினி கிடப்பாள். பஞ்சாயத்தாரோடு பன்முறை இருந்து பேசி, அவர் வாயாலேயே அப்பெயரைச் சேர்ப்பித்தலே செயத்தக்கது. அதற்கு நாள் பல வேண்டும்.

படகு வழங்கியோரிற் பலர் அத்துணைப் பொறுத்திலர். ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஃபைபர் படகுகளை வழங்கினமையின், அவற்றின் தொகை இழந்தவற்றினும் மிகுந்தது. முன்பு பிறர் படகில் தொழிலுக்குச் சென்றவரும் படகுடையோராயினர்; உடன்செல்ல ஆளின்றிச் சில படகுகள் கரை மணலிலேயே கிடந்தன.